கட்டிய கயிறும் கலங்கிய மூளையும்

"கயிறு கட்டியாச்சு வாத்தியாரய்யா. இனிமே அவரு அதைத் தொடமாட்டாரு!"

ஒரு திங்கட்கிழமை காலையில், பள்ளி வாயிலில் நின்று என்னிடம் இப்படிச் சொன்னார், என் வகுப்பிலே படிக்கும் சிறுமியின் தாய். முகத்திலே மலர்ச்சி, பேச்சிலே பெருமிதம். இருக்காதா? பதினைந்து ஆண்டுகளாகக் குடித்துக் குடும்பத்தைக் குலைத்த கணவர், யாரும் இழுத்துச் செல்லாமல் தாமாகவே கோவிலுக்குச் சென்று, காணிக்கை கட்டி, பூசாரியின் கையால் மணிக்கட்டிலே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அந்த வீட்டுக்கு அன்றுதான் தீபாவளி!

புதன்கிழமை நள்ளிரவு. அதே தாய் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மலர்ச்சி மாண்டுபோயிருந்தது. ஓடிச் சென்று பார்த்தேன். விடியுமுன் ஜீப்பேறிக் கம்பம் மெட்டு கடந்து ஏலத்தோட்டத்திலே உழைத்து, இருட்டிய பின் ஊர் திரும்பும் அந்த உழைப்பாளி, கட்டிலோடு சேர்த்துச் சேலையால் கட்டப்பட்டுக் கிடந்தார். உடலெல்லாம் வியர்வை. கைகள் வெடவெடவென்று நடுங்கின. சுவரிலே பாம்பு ஊர்கிறது என்று அலறினார். பெற்ற மகளை யாரென்று கேட்டார். திங்களிரவே ஒருமுறை வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாராம். "சாமி குத்தம்! கயிறு கட்டிய பிறகும் மனசாலே நினைச்சிருக்கான்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு, வேப்பிலையால் அடித்துக்கொண்டிருந்தார் பூசாரி.

பூசாரியின் கையைத் தடுத்து, பக்கத்து வீட்டுத் தோழர்களின் துணையோடு அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியாகக் குடித்தது எப்போது?" "ஞாயிற்றுக்கிழமை காலை" என்றோம். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஊசி மருந்து, உயிர்ச்சத்து, நீரேற்றம் என்று கடகடவென ஆணைகள் பிறந்தன. நீரேற்றும் ஊசியைக் குத்த இடம் தேடிய செவிலியர், இடையூறாக இருந்த அந்த மஞ்சள் கயிற்றைக் கத்தரியால் வெட்டிக் கீழே போட்டார். அந்தத் தாய் குனிந்து அதை எடுத்து முந்தானையிலே முடிந்துகொண்டார்.

பத்து நாட்களில் அவர் நடந்து வீடு திரும்பினார். ஆனால் எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம், சென்ற ஆண்டு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலே ஒருவர் இறந்திருந்தார். அவரும் கயிறு கட்டியவர்தான். அவருக்கும் நடுக்கம், வலிப்பு, பிதற்றல். "கயிறு கட்டிட்டுக் குடிச்சான், சாமி அடிச்சிருச்சு" என்று ஊர் பேசியது; நானும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் குடித்ததால் சாகவில்லை, குடியைத் திடீரென நிறுத்தியதால் உடல் கொண்ட கொந்தளிப்பிலே செத்திருக்கக்கூடும் என்ற உண்மை, அந்த நள்ளிரவிலேதான் எனக்கு உறைத்தது. பட்டம் பெற்றவன் நான்! பகுத்தறிவு பேசுபவன் நான்! எனக்கே தெரியவில்லை என்றால், கணக்கெழுதக் கைநாட்டு வைக்கும் ஏழைக்கு எப்படித் தெரியும்?

தோழர்களே! நாணத்தோடுதான் இதை எழுதுகிறேன். குடியைப் பற்றி மேடையிலே முழங்குகிறோம், வசைபாடுகிறோம். ஆனால் குடி புகுந்த மண்டைக்குள்ளே என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்?

மெட்டிலே இறங்கும் ஜீப்

நம் மூளையிலே இரண்டு ஆற்றல்கள் ஓயாமல் இயங்குகின்றன. ஒன்று வேகத்தைத் தூண்டுவது. மற்றொன்று வேகத்தைத் தணிப்பது. தூண்டுவதற்குப் பயன்படும் வேதிப்பொருளுக்கு குளுட்டமேட் என்று பெயர். தணிப்பதற்குப் பயன்படுவது காபா. குமுளிச் சாலையிலும் கம்பம் மெட்டிலும் ஜீப் ஓட்டும் தோழனைக் கேட்டால் இதை எளிதாகப் புரிந்துகொள்வான். ஒன்று ஆக்சிலேட்டர், மற்றொன்று பிரேக்!

மது என்ன செய்கிறது? காபாவின் கையை வலுப்படுத்துகிறது. குளுட்டமேட்டின் கையைக் கட்டுகிறது. அதாவது பிரேக்கை அழுத்துகிறது. அதனால்தான் குடித்தவனின் நாக்கு குழறுகிறது, கால் தடுமாறுகிறது, கவலை மங்குகிறது. ஒரு நாள் அழுத்தினால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் அழுத்தினால்? மூளை சும்மா இருப்பதில்லை. ஈடுகட்ட முனைகிறது. பிரேக்கின் பிடியைத் தானே தளர்த்துகிறது. ஆக்சிலேட்டரைத் தானே முடுக்குகிறது. முன்பு ஒரு குவளைக்குக் கிறங்கியவனுக்கு இப்போது மூன்று குவளை போதாமற் போவது இதனால்தான். அது "தாங்கும் ஆண்மை" அன்று. மூளை மாற்றியமைக்கப்பட்டுவிட்டது என்பதற்கான அடையாளம்.

இந்த நிலையிலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கயிறு ஒன்றைக் கட்டி மதுவைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? பிரேக்கிலிருந்து கால் எடுபட்டுவிட்டது. எஞ்சினோ முழு முடுக்கிலே இருக்கிறது. வண்டி நிற்பதோ மலைச்சரிவிலே! முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாட்களில் சிலருக்குப் பிதற்றலும் பொய்த்தோற்றங்களும் தோன்றி, இதயமும் குருதியழுத்தமும் கட்டுமீறுகின்றன. மருத்துவ நூல்கள் இதனை 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்கின்றன. தக்க மருத்துவம் இல்லாத நாட்களில் இந்நிலையை அடைந்தோரில் மூவரில் ஒருவர் வரை மாண்டதாகக் குறிப்புண்டு. இன்று உரிய காலத்தில் மருத்துவம் கிடைத்தால் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே நிற்பது எது? கடவுளின் கருணையா? இல்லை. டயசெபாம், லோரசெபாம், குளோர்டயசெபாக்சைடு போன்ற சில மலிவான மருந்துகள். காலை எடுத்த பிரேக்கை மருந்தின் கையால் மெல்லப் பிடித்து, நாளுக்கு நாள் தளர்த்தி, மூளை தன் பழைய சமநிலைக்கு வர வழிசெய்கிறார் மருத்துவர்.

இன்னொன்றும் கேளுங்கள். நெடுநாள் குடிப்பவரின் உடலிலே தையமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து வற்றிவிடுகிறது. அது வற்றினால் கண் சுழலும், நடை தள்ளாடும், அறிவு மயங்கும். 1881ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்தார் வெர்னிக்கி என்ற ஜெர்மானிய மருத்துவர். கவனியாமல் விட்டால் நினைவாற்றலே நிலையாகச் சிதைந்துவிடும். அந்தச் சிதைவைப் பின்னர் விவரித்தவர் ரஷ்ய நாட்டுக் கோர்சகாவ். காப்பாற்றத் தேவையானது என்ன? உரிய நேரத்தில் ஓர் உயிர்ச்சத்து ஊசி! நூற்றாண்டுக்கு மேலாக நோய் நமக்குத் தெரியும். ஆனால் நம் தெருவுக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரிந்தது வேப்பிலை மட்டும்.

கொழுப்பா, கோளாறா?

"எல்லாம் கொழுப்பு! மனம் வைத்தால் விட முடியாதா?" என்று கேட்பார் ஒழுக்கவாதி. அவருக்கு ஒரு சிறு வரலாறு.

1954ஆம் ஆண்டு. கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் மூளையிலே ஓரிடத்தில் நுண்ணிய கம்பி பொருத்தினர். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அவ்விடத்தில் மின்துடிப்பு பாயும். எலி அழுத்தியது, மீண்டும் அழுத்தியது, மணிக்கு ஈராயிரம் தடவைக்கு மேலும் அழுத்திய எலிகள் உண்டு. மூளைக்குள்ளே 'பரிசு வழங்கும் பாதை' ஒன்று இருக்கிறது என்று உலகம் அறிந்தது அப்போதுதான். பின்னர் அந்தப் பாதையிலே முதன்மைப் பங்காற்றும் வேதிப்பொருள் டோபமின் என்பது தெளிவாயிற்று.

அந்தப் பாதை நம்மைக் கெடுக்க வந்ததன்று. பசித்தவன் சோறு தேடவும், தாய் பிள்ளையை அணைக்கவும், மாணவன் விடை கண்டு மகிழவும் துணை நிற்பது அதுதான். "இது நன்று, இதனை நினைவில் கொள், மீண்டும் நாடு" என்று அது கற்பிக்கிறது. மதுவும் கஞ்சாவும் அபினியும் புகையிலையும் உழைப்பில்லாமல் உள்ளே நுழைந்து, அந்த ஆசிரியரின் கையிலிருந்த கோலைப் பிடுங்கிக்கொள்கின்றன. நாளடைவில் சோறும் சுவைப்பதில்லை, பிள்ளையின் சிரிப்பும் இனிப்பதில்லை. நெற்றிக்குப் பின்னேயுள்ள முன்மூளைதான் "வேண்டாம், நாளைய தினத்தை எண்ணிப்பார்" என்று தடுக்கும் பகுதி. நீண்டகாலப் போதை அதன் பிடியையும் தளர்த்துகிறது. எந்தக் கருவியைக் கொண்டு 'மனம் வைக்க' வேண்டுமோ, அந்தக் கருவியே பழுதுபட்டுக் கிடக்கிறது! முடவனைப் பார்த்து "எழுந்து ஓடி மருத்துவமனைக்குப் போ" என்று அறிவுரை கூறுவது போன்றதன்றோ ஒழுக்கவாதியின் உபதேசம்?

"அப்படியானால் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று ஒரு தங்கை கேட்கலாம். நேர்மையான கேள்வி. நோய் என்பது விளக்கம். மன்னிப்புச் சீட்டு அன்று. நீரிழிவு நோயாளி நோயைத் தேடிக்கொண்ட குற்றவாளி அல்லர். ஆனால் மருந்தை உண்ணும் பொறுப்பு அவருடையது. அடிபடும் பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும். அடித்தவனுக்குச் சட்டமும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது முறையன்று.

"மூலிகை" என்னும் மயக்கமொழி

கம்பம் பள்ளத்தாக்கின் பெயரைச் சொன்னால் பன்னீர்த் திராட்சை நினைவுக்கு வர வேண்டும். 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முல்லைப் பெரியாற்று நீர் நினைவுக்கு வர வேண்டும். 1895ஆம் ஆண்டு முதல் நம் வயலை வாழவைக்கும் நீர் அது. ஆனால் வெளியூரிலே கல்லூரி விடுதியில் "எந்த ஊர்?" என்று கேட்டு, "கம்பம்" என்று நான் சொன்னதும் சிரித்தவர்கள், திராட்சையை நினைத்துச் சிரிக்கவில்லை, கஞ்சாவை நினைத்துச் சிரித்தார்கள். மலைச்சரிவுகளிலே களவாகப் பயிரிட்டவர்களும், எல்லை தாண்டிக் கடத்தியவர்களும் நம் மண்ணுக்குத் தேடித் தந்த 'புகழ்' அது.

அந்தக் கஞ்சாவுக்கு இப்போது புதுப் பூச்சு பூசுகிறார்கள். "இது சிவமூலிகை, சித்தர் கண்டது, இயற்கைப் பொருள், எனவே தீங்கில்லை." இப்படிப் பேசுவோரில் கறுப்புச்சட்டை அணிந்த இளைஞரும் உண்டு என்பதுதான் வேதனை. அரளி விதையும் இயற்கைதான், அரைத்துக் குடிப்போமா?

உண்மை இதுதான்: கஞ்சாவின் மயக்கும் பொருளான டி.எச்.சி.யை 1964ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு அறிவியலாளர்கள் மெக்குலமும் காவோனியும் பிரித்தறிந்தனர். அது பொருந்தும் பூட்டு மூளையிலே இருப்பதை 1988இல் கண்டனர். பூட்டு இருந்தால் உடலுக்கே சொந்தமான சாவியும் இருக்க வேண்டுமே? 1992இல் அதையும் கண்டுபிடித்து, ஆனந்தம் என்ற வடசொல்லைக் கொண்டு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டனர். அதாவது, சிவன் தந்ததாகச் சொல்லும் ஆனந்தத்தை நம் மூளை தானே, தேவையான இடத்தில் தேவையான அளவில் செய்துகொள்கிறது. கஞ்சாவோ இடம், காலம், அளவு எதுவும் பாராமல் எல்லாப் பூட்டையும் ஒரே நேரத்தில் திறக்கிறது. நினைவும் கவனமும் காலவுணர்வும் குழம்புவது அதனால்தான்.

இளைஞருக்கு இதிலே தனி ஆபத்துண்டு. தடுத்தாளும் முன்மூளை முழுமையாக முதிர இருபத்தைந்து வயதளவும் ஆகிறது. கட்டி முடியாத அணையிலே வெள்ளத்தைத் திறந்துவிடலாமா? சுவீடன் நாட்டில் படைக்கு அழைக்கப்பட்ட ஏறத்தாழ 45,000 இளைஞர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987இல் வெளியாயிற்று. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவருக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது என்றது அது. பின்வந்த ஆய்வுகள் அந்த மடங்கைக் குறைத்துக் கூறின, தொடர்பை மறுக்கவில்லை. புகைக்கும் எல்லோருக்கும் மனநோய் வரும் என்று நான் மிரட்டவில்லை. மிரட்டல் மதவாதியின் கருவி. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாத சூதாட்டத்தில், தன் மூளையையே பந்தயமாக வைப்பவன் அறிவாளியாகான்.

கயிறு, பொடி, சங்கிலி

குடிநோயாளியைச் சுற்றி மூன்று வாணிபங்கள் நடக்கின்றன.

முதலாவது கயிறு. "கயிறு கட்டிப் பலர் விட்டிருக்கிறார்களே?" என்பர். ஆம், சிலர் விட்டிருப்பர். ஊரறிய உறுதி சொன்னதும், விடவேண்டும் என்ற சொந்த முனைப்பும், வீட்டாரின் அன்பும் சில நாள் தாங்கும். மூளை இன்னும் அதிகம் மாறாதவருக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கலாம். விட்டவர் பெயரைக் கோவில் விளம்பரம் செய்கிறது. விடாதவரை "பாவி" என்கிறது. வலிப்பு வந்து மாண்டவரையோ "சாமி அடித்தது" என்று தன் பெருமைக் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறது. வென்றாலும் சாமிக்கு வெற்றி, செத்தாலும் சாமிக்கு வெற்றி! இப்படி ஒரு கணக்கை நான் என் மாணவனிடம் ஏற்றுக்கொள்வேனா?

இரண்டாவது பொடி. "குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலே கலந்து கொடுங்கள்" என்று சுவரெல்லாம் விளம்பரம். கோபன்ஹேகன் நகரத்து ஹால்ட், யாக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் டைசல்பிராம் என்ற மருந்தைத் தம் உடலிலேயே சோதித்து, மதுவோடு சேர்ந்தால் அது முகச் சிவப்பும் குமட்டலும் படபடப்பும் தருவதைக் கண்டு, 1948இல் அறிவித்தனர். இன்றும் அது பயன்படுகிறது. ஆனால் நோயாளி அறிந்து, இசைந்து, மருத்துவரின் கண்காணிப்பிலே மட்டும். தெரியாமல் கொடுத்து, அவர் வழக்கம்போல் குடித்தால் குருதியழுத்தம் வீழ்ந்து உயிருக்கே உலை வைக்கலாம். பெயரில்லாப் பொடியிலே என்ன இருக்கிறதென்று யார் அறிவார்? கணவனைக் காக்க நினைத்த கையாலேயே கணவனைக் கொல்லவைக்கும் வாணிபம் இது.

மூன்றாவது சங்கிலி. 'மறுவாழ்வு இல்லம்' என்று பலகை மாட்டி, உள்ளே அடியும் பூட்டும் வைத்திருப்போர் உண்டு. ஏர்வாடியை மறந்தோமா? 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், தர்காவின் அருளால் நோய் தீரும் என்று கொண்டுவந்து சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள், கொட்டகையில் தீப்பற்றியபோது ஓடமுடியாமல் கருகினர், 28 உயிர்கள்! கோவிலானால் என்ன, தர்காவானால் என்ன, தேவாலயமானால் என்ன? நோயாளியின் காலிலே பூட்டப்படும் இரும்புக்கு மதமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைக் கேட்டையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. சட்டம் வந்துவிட்டது, சங்கிலி போய்விட்டதா என்று பார்க்க வேண்டியது நம் வேலை.

கடையைப் பற்றியே பேசினோம்

நம் நாட்டு மதுவிலக்கின் வரலாறு கதவின் வரலாறு. 1937இல் சேலத்திலே மூடிற்று. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மூடிற்று. 1971இல் திறந்தது, 1974இல் மூடிற்று, 1981இல் மீண்டும் திறந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. திறந்தவரிலும் மூடியவரிலும் நம்மவரும் உண்டு, பிறரும் உண்டு. கட்சிக்கொரு நியாயம் கற்பிக்க நான் வரவில்லை. கேட்பது ஒன்றே: இத்தனை தடவை கதவைத் திறந்து மூடிய கைகளில் எத்தனை, நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்தன?

மூடினால் மட்டும் போதாது என்பதற்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலியான 60க்கும் மேற்பட்ட உயிர்களே சான்று. கடை திறந்திருக்கும் நாட்டிலேயே கள்ளச்சாராயம் இப்படிக் கொல்லுமானால், மருத்துவ ஏற்பாடு எதுவுமின்றி ஒரே நாளில் எல்லாக் கடையும் மூடப்பட்டால், நடுங்கும் கைகள் எதைத் தேடி ஓடும்? திறந்திருப்பதாலும் நன்மையில்லை என்பதற்கு ஒவ்வொரு தெருவும் சான்று. 2023-24இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். இந்தத் தொகையிலே என் மாணவியின் தந்தை பதினைந்தாண்டாகச் செலுத்திய கூலியும் இருக்கிறது. அவர் கொடுத்ததிலே ஒரு பங்கேனும் அவரது மூளையைச் சீராக்கத் திரும்பி வரவேண்டாமா?

இந்தியா முழுவதும் நடத்தப்பட்டு 2019இல் வெளியான அரசுக் கணக்கெடுப்பு, மதுவால் உதவி தேவைப்படும் நிலையை அடைந்தோர் ஏறத்தாழ 5.7 கோடி என்றது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை பெற்றதாகவும் கூறிற்று. மற்ற 37 பேர் எங்கே? கோவில் வாசலில், பொடிக்கடையில், பூட்டிய அறையில், சுடுகாட்டில்!

மருத்துவம் தரும் விடை

மருத்துவம் மாயம் செய்வதாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதை நம்பலாம். முதற்கட்டம், உடலிலிருந்து நஞ்சை ஆபத்தின்றி இறக்குவது. ஒருவாரம் முதல் பத்து நாட்கள். பலர் இதோடு "குணமாயிற்று" என்று வீடு திரும்புகிறார்கள். உண்மையிலே சிகிச்சை அப்போதுதான் தொடங்குகிறது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் குடிவேட்கையைத் தணிக்கின்றன. அபினி வகைப் போதைக்கும் வலிமாத்திரை, ஊசிப் போதைக்கும் புப்ரெனார்பின், மெத்தடோன் என்று வேறு மருந்துகள் உள்ளன. கஞ்சாவுக்கு இன்றளவும் நிலைநாட்டப்பட்ட தனி மருந்து இல்லை. கலந்துரையாடும் உளவியல் முறையே துணை. எந்த நேரத்தில், எந்த நண்பனோடு, எந்தத் தெருமுனையில் வேட்கை எழுகிறது என்று நோயாளியே கண்டறிந்து மாற்று வழி பழகுகிறார்.

மீண்டும் வழுக்கி விழுந்தால்? "பார்த்தாயா, திருந்தாத ஜென்மம்!" என்கிறது ஊர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஏட்டிலே வந்த ஒப்பீடு, சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் போதையை நாடுவதைக் காட்டியது. இரத்தக்கொதிப்பு, நீரிழிவு, ஆஸ்துமா நோயாளிகளிடமும் இதையொத்த அளவில் நோய் மீள்வதையும் காட்டியது. சர்க்கரை ஏறினால் மருந்தை மாற்றுகிறோம். குடிநோய் மீண்டால் மனிதனையே ஒதுக்குகிறோம். இது என்ன நீதி?

குடியை விட்டவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் 'ஏஏ' கூட்டங்கள் 1935இல் அமெரிக்காவிலே தோன்றித் தமிழகத்திலும் நடக்கின்றன. அங்கே 'மேலான சக்தி' என்ற பேச்சு உண்டு, நமக்கு உடன்பாடில்லை. ஆனால் 2020இல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து குடிக்காதிருக்க அம்முறை நன்கு உதவுகிறது என்றே கண்டது. பயனளிப்பது எது? பட்டவன் பட்டவனிடம் கை நீட்டும் தோழமை என்பது என் துணிபு. சான்றுக்குத் தலைவணங்குவதுதான் பகுத்தறிவு. நமக்குப் பிடிக்காத இடத்திலிருந்து வந்தாலும்!

சூழலும் மருந்துதான். வியட்நாம் போர்க்களத்திலே ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படையினர் நாடு திரும்பியபோது என்ன ஆகுமோ என்று அஞ்சினர். லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் கண்டதென்ன? முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 விழுக்காடே. போர்க்களமும் அச்சமும் மலிவான சரக்கும் நீங்கின, பெரும்பாலோர் மீண்டனர். ஆனால் நம் தொழிலாளிக்கோ போர்க்களம் நாள்தோறும் தொடர்கிறது. முதுகொடியும் வேலை, ஜீப் நிற்கும் இடத்தருகே கடை, கையிலே அன்றாடக் கூலி. இவற்றை மாற்றாமல் அவர் மனத்தை மட்டும் மாறு என்பது வஞ்சகம்.

நம் கடன்

தேனியை அடுத்த க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. 2025இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கிற்று. வரவேற்போம், போதாது என்றும் சொல்வோம். கம்பத்திலும் போடியிலும் உத்தமபாளையத்திலும், ஏலத்தோட்டத்து ஜீப் திரும்பும் மாலை வேளையில் மருத்துவர் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வலிப்பை அடக்கும் மருந்தும் தையமின் ஊசியும் இருக்க வேண்டும். மது வருவாயிலே ஒரு பங்கு சிகிச்சைக்கென்றே சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். ஜீப் நிற்குமிடத்தில் கடை கூடாது.

கஞ்சாவோடு பிடிபட்ட சிறுவனைக் குற்றவாளியாக்குவதோடு கடமை முடிந்ததென்று காவல்துறை எண்ணலாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே, சிறிதளவு வைத்திருந்து பிடிபட்ட அடிமை தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. கடத்துவோனுக்குச் சிறை, சிக்கியவனுக்குச் சிகிச்சை. இதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

தோழர்களே, நீங்கள் செய்யக்கூடிய சிறு செயல் ஒன்றுண்டு. உங்கள் தெருவில் நாள்தோறும் குடிக்கும் ஒருவர் "இன்றோடு விடப்போகிறேன்" என்று சொன்னால், கைதட்டுவதோடு நில்லாதீர்கள். "தனியாக நிறுத்த வேண்டாம் அண்ணே, வாங்க மருத்துவரைப் பார்ப்போம்" என்று கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். நடுக்கமோ வலிப்போ பிதற்றலோ கண்டால் ஒரு நொடியும் தாமதியாதீர்கள். வழி தெரியாவிட்டால் 14446 என்ற அரசின் போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் உள்ளன. படிப்பகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

அந்த ஏலத்தோட்டத் தொழிலாளி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். எட்டு மாதம் குடிக்கவில்லை. சித்திரைத் திருவிழாவிலே, உறவினர் வற்புறுத்த, மீண்டும் குடித்தார். நான்கு நாட்கள் குடித்தார். ஊர் சிரித்தது. ஐந்தாம் நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையிலே கயிறில்லை, பழைய மருந்துச் சீட்டு இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போகணும் தம்பி. கூட வர்றியா?" என்றார். அன்று பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவருடன் பேருந்து ஏறினேன். இருக்கையிலே அமர்ந்து, நடுங்கும் கையால் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.